பட்ஸ் டப்பாவைத் திருப்பிப் படித்ததுண்டா?

"எதால குடைஞ்சீங்கம்மா?" என்று கேட்டேன். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா வாயால் பதில் சொல்லவில்லை. தாலிச் சங்கிலியில் கோத்திருந்த நாலைந்து ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, திறந்து, நேராக நிமிர்த்தி என் மேசை மேல் வைத்தார். அதன் பிறகுதான் பேச்சு. "முப்பது வருஷமா இதாலதான்யா. இத்தனை நாள் ஒண்ணும் ஆகல." காதுப்பாதையின் தோல் கிழிந்து, வீங்கி, உள்ளே பார்க்கவே இடமில்லாமல் இருந்தது. நல்லவேளை, செவிப்பறை தப்பித்திருந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் சின்ன ஊர் ஒன்றில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கண்ணாடிப் பாட்டில் உண்டு. காதிலிருந்து நான் எடுத்தவையும், காதைக் குடைந்ததற்குச் சாட்சியாக நோயாளிகள் விட்டுப்போனவையும் கழுவி அதில் போட்டு வைத்திருக்கிறேன். ஊக்கு, தீக்குச்சி, பட்ஸிலிருந்து கழன்ற பஞ்சு, பேனா மூடி, பாசிமணி, பென்சில் முனை. கூட்டம் இல்லாத மாலைகளில் இவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஊக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்று ஒருவர். மூளை நிறைய யோசனை, கையில் காசு இல்லை. 15 டாலர் கடனை அடைக்க வழி தெரியாமல் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தவருக்குக் கிடைத்ததுதான் ஊக்கு என்பார்கள். 1849இல் காப்புரிமை வாங்கினார், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். கம்பியை ஊசியாக்கித் துணியைக் கோப்பது ரோமானியர் காலத்திலேயே இருந்ததுதான். ஹன்ட் செய்தது, ஒரு முனையில் ஸ்பிரிங் போலச் சுருள், மறுமுனையில் கூர்நுனியை மூடும் கொக்கி. விரலைக் குத்தாது என்பதைக் காப்புரிமை விண்ணப்பத்திலேயே பெருமையாக எழுதியிருக்கிறார். விரலைக் காப்பாற்ற அவர் மூடி வைத்ததை நாம் திறந்து, நிமிர்த்தி, விரலைவிட மென்மையான இடத்தில் விடுகிறோம்.

எவ்வளவு மென்மை என்றால், செவிப்பறையின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். காதுத் துளையிலிருந்து அது இருக்கும் தூரம் இரண்டரை சென்டிமீட்டர்தான். குடையும்போது யாராவது முழங்கையில் இடித்தால் முடிந்தது கதை. இப்படி ஓடி வந்து இடித்த பேரன் பேத்திகள் பலரை என் அறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா காலத்தில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. அவருடைய சுருக்குப்பையில் முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் ஒரே வளையத்தில் தொங்கும். பின்னதன் நுனி எள் அளவுக்குக் குழித்த கரண்டி. காதுக்குள் சேர்வதற்குக் குறும்பி என்று தனிப்பெயரும், அதை எடுக்கத் தனிக் கருவியும் வைத்திருந்த மொழி நம்முடையது. இப்போது 'காது அழுக்கு' என்கிறோம். தொல்லையே அந்தப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது.

குறும்பி அழுக்கில்லை. காதுப்பாதையின் வெளிப்பக்க மூன்றிலொரு பங்கில் இருக்கும் சுரப்பிகள் அதைச் செய்கின்றன. தண்ணீர் ஊறாமல், பூஞ்சை பிடிக்காமல், தூசி உள்ளே போகாமல் காப்பது அதன் வேலை. வேலை முடிந்தால் தானே வெளியே வந்துவிடும். செவிப்பறையின் நடுவிலிருந்து தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்கிறது, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில். மென்று தின்னும்போது தாடை அசைவதும் அதற்குத் துணை. பட்ஸை உள்ளே விடுபவர், வாசலுக்கு வந்துகொண்டிருப்பதைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளுகிறார். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், வெடிக்குள் மருந்தைக் கெட்டிப்பது மாதிரி. பத்து நாள் கழித்து "காது அடைச்சிருச்சு" என்று வருவார். 'பட்ஸ் போட்டும் சரியாகல' என்பது அவர் புகார்.

அந்த பட்ஸ் பிறந்தது 1920களின் அமெரிக்காவில். லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர், தன் மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தையைத் துடைப்பதைப் பார்த்தார். 1923இல் அதையே தொழிலாக்கினார். முதலில் வைத்த பெயர் 'பேபி கேஸ்'. பிறகுதான் 'கியூ டிப்ஸ்' ஆனது. கியூ என்பது குவாலிட்டி. முதலில் மரக்குச்சி, பிறகு காகிதக் குச்சி. 1958இல் அந்த நிறுவனம் விலைக்கு வாங்கிய இங்கிலாந்துக் கம்பெனி, அதுவரை மிட்டாய்க்குக் குச்சி செய்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் குச்சி பட்ஸை இந்தியா 2022 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது, காதுக்காக அல்ல, குப்பைக்காக. எனக்குப் பிடித்த செய்தி வேறு. காதுப்பாதைக்குள் விடாதீர்கள் என்ற எச்சரிக்கையை 1970களிலேயே டப்பாவில் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐம்பது வருடமாக உலகமே அந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு காது குடைகிறது.

தீக்குச்சியைப் பற்றிச் சிவகாசிப் பக்கம் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியாது. 1827இல் அதை முதலில் விற்றவர் ஜான் வாக்கர், இங்கிலாந்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். பின்னால் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி வந்து, அதைச் செய்த தொழிலாளிகளின் தாடை எலும்பே அழுகியது. இன்றைய குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. சிவப்புப் பாஸ்பரஸாக அது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் இந்தத் தொழிலைக் கற்றுவந்தார்கள். காதுக்குத் தீக்குச்சியால் வரும் கெடுதல் வேதியியல் அல்ல: மெல்லிய மரம், பட்டென்று உள்ளே ஒடியும்.

பாட்டிலில் நான் போட்டு வைக்காத ஒன்று உண்டு, பட்டன் பேட்டரி. நாலு வயதுப் பையன், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமெடுத்த சளி. சளி மருந்து கொடுத்து மூன்று நாள் போய்விட்டது. உள்ளே விளையாட்டுச் சாமானிலிருந்து கழன்ற பேட்டரி. எடுத்தபோது மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. ஈரமான சதையில் படும் பேட்டரி மின்சாரத்தை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் காரம் உண்டாகித் தசையைப் பொசுக்கும். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரமே போதும். காதிலோ மூக்கிலோ போயிருந்தால் சொட்டு மருந்து விடாதீர்கள், ஈரம் அதை இன்னும் தூண்டும். காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். கொண்டைக்கடலை மாதிரிப் பயறு போயிருந்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊதிவிடும். உயிரோடு பூச்சி போயிருந்தால் மட்டும், காதில் ஓட்டையோ சீழோ இல்லாதவர்கள், தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு வரலாம்.

பேட்டரிக்கும் காதுக்கும் உறவு பழையது. முதல் பேட்டரியைச் செய்து 1800இல் உலகுக்கு அறிவித்த வோல்டா, இரண்டு உலோகக் கம்பிகளைத் தன் இரு காதிலும் செருகிக்கொண்டு மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். தலைக்குள் ஒரு உதை. பிறகு கெட்டியான எதுவோ கொதிப்பது போல ஒரு சத்தம். மூளைக்கு ஆபத்தாகலாம் என்று பயந்து மறுபடி செய்யவில்லை என்று அவரே எழுதினார். காது கேளாத குழந்தைகளுக்கு இன்று வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியின் வரலாற்றை அந்தக் கொதிக்கும் சத்தத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

ஊக்கு அம்மா ஒரு வாரம் கழித்து வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. "இனிமே கை வைக்க மாட்டேன்யா" என்று எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்த ஊக்கைக் குடுத்துருங்கய்யா. இப்பல்லாம் அந்த மாதிரி கெட்டியா வர்றதில்ல."