வாலைப் பிடித்தாரா, திமிலைப் பிடித்தாரா?

அவனியாபுரம் ஜல்லிக்கட்டை கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வாடிவாசலிலிருந்து மாடு பாய்கிறது, ஒருவர் தாவிப் பிடிக்கிறார், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மாட்டுக்காரர் பக்கத்து ஆட்கள், “வாலைப் பிடிச்சுட்டான், செல்லாது” என்கிறார்கள். வீரரின் ஊர்க்காரர்களோ, “திமில்ல இருந்து கையை எடுக்கவே இல்லை” என்கிறார்கள். ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அவரவர் கண்ணுக்கு அப்படியே தெரிந்திருக்கலாம்.

1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரி அணிகள் மோதிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்று அடிதடியாகவே போனது. ஒரு அணியில் மூக்கு உடைந்தது, இன்னொன்றில் கால் முறிந்தது. ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் அதன் சொந்த மாணவர்களுக்குக் கொஞ்சம்தான் தெரிந்தன. பிரின்ஸ்டன் மாணவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணினார்கள். படம் ஒன்றேதான்.

கண்ணில் படுவதையெல்லாம் மூளையால் கவனிக்க முடியாது. எதை எதிர்பார்க்கிறதோ அங்கேதான் பார்வையைத் திருப்பும், அரைகுறையாகத் தெரிந்ததை ஆசையோ பயமோ நிரப்பிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

சரி, பார்வை மட்டும் கோணினால் பரவாயில்லை. 1977இல் மார்க் ஸ்னைடரும் அவருடன் இருந்தவர்களும் செய்த சோதனைதான் என்னை உலுக்கியது. முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் போனில் பேச வேண்டும். ஆணின் கையில் ஒரு பெண்ணின் போட்டோவைக் கொடுத்தார்கள். சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படி இல்லாதது. அது எதிர்முனையில் பேசியவரின் படமே அல்ல, அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. பிறகு பெண்ணின் குரலை மட்டும் வேறு சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று நம்பப்பட்ட பெண்கள் உண்மையிலேயே கலகலப்பாக, நட்பாகப் பேசியிருந்தார்கள்! ஆணின் நம்பிக்கை அவன் பேச்சில் கனிவாக இறங்கி, அவளிடமிருந்து கனிவை வரவழைத்திருக்கிறது.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை இறங்குகிறவரிடம், “ஆட்டோக்காரங்க ஏமாத்துவாங்க, பார்த்துக்கோ” என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர், “அண்ணே, தெப்பக்குளம் போகணும், எவ்வளவுண்ணே?” என்று கேட்பதில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு, “நியாயமா வாங்குவீங்களா?” என்கிறார். ஓட்டுநர் முகமும் இறுகுகிறது. “இஷ்டம்னா ஏறுங்க.” வீட்டுக்குப் போனதும் அவர் சொல்வார்: “நீ சொன்னது சரிதான்க்கா, எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க.”