பத்தியை வருட வேண்டுமாம்

மொழியாசிரியர் பயிற்சியில் இருப்பவர்களின் பாடத்திட்டங்களைத் திருத்த உட்கார்ந்தாலே இந்த வரி வந்துவிடுகிறது: ‘மாணவர்கள் திரையில் உள்ள பத்தியை வருடி வாசிப்பர்.’ வேண்டிய தகவலை மட்டும் தேடிப் பிடிக்கும் வாசிப்பான ஸ்கேனிங்தானாம். இந்த வாரம் மட்டும் மூன்று தாளில் பார்த்துவிட்டேன்.

ஸ்கேன் லத்தீன் வழி வந்தது, ஏறுதல் என்று வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் முதலில் செய்யுளைச் சீர் பிரித்துப் பார்ப்பதற்கு வழங்கியது. நம் ‘அலகிட்டு வாய்பாடு கூறுக’ இருக்கிறதே, அந்த வேலை. அப்புறம் கூர்ந்து ஆராய்தல், அதற்கும் பிறகு வேண்டியதைத் தேடிக் கண்ணை ஓட்டுதல்.

ஸ்கேனர் கருவிக்கு ‘வருடி’ என்று பெயர் வைத்தவரைக் குறை சொல்லமாட்டேன். ஒளி தாளை வருடிப் போகிறது, சரி. அந்தப் பெயரை அப்படியே தூக்கிவந்து வாசிப்பில் ஒட்டியதுதான் கோளாறு. கருவி ஒரு புள்ளி விடாமல் படியெடுக்கும். இங்கே வாசிப்பவரோ வேண்டாததையெல்லாம் தள்ளிவிட்டு, ரயில் அட்டவணையில் புறப்படும் நேரத்தை மட்டும் பிடிக்கிறார். இரண்டும் நேர் எதிர். தொடுதிரையில் குழப்பம் இன்னும் கூடும், அங்கே உண்மையாகவே வருடுவது விரல். ‘கட்டுரையை வருடி ஆண்டைக் கண்டுபிடி’ என்றால் பிள்ளை பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகும். மயிலிறகு வருடும், தென்றல் வருடும். ஆண்டைத் தேடும் கண் துழாவும்.

ஆகவே ‘துழாவி வாசித்தல்’ என்பேன். பைக்குள் சாவியைத் துழாவுகிறவருக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரியும். துழாவுவதும் கையால்தானே என்பீர்கள். ‘கூட்டத்தைக் கண்ணால் துழாவினான்’ என்பது எழுத்தில் எப்போதோ பழகிவிட்டது. ‘தேடல் வாசிப்பு’ என்றும் எழுதுகிறார்கள். தெளிவுதான், ஆனால் திரையில் தேடல் என்றாலே தேடுபெட்டி. சொல்லைத் தட்டினால் அதுவே எடுத்துக் கொடுத்துவிடும், அதில் வாசிப்பு எங்கே?

கூடவே வரும் ஸ்கிம்மிங், சாரத்தை மட்டும் பிடிக்கும் வாசிப்பு. சொல்லின் பொருள், பாலில் ஆடையை மேலாக எடுப்பது. ‘மேலோட்ட வாசிப்பு’ போதும். ஒரு கையேட்டில் அதை ‘நுனிப்புல் மேய்தல்’ ஆக்கியிருந்தார்கள். அது வசவு ஐயா! சாரத்தைப் பிடிக்கும் உத்தியைக் கற்றுத்தர வந்துவிட்டு, அதற்குத் திட்டையா பெயராக வைப்பது? மொழிபெயர்ப்பவர்கள் தங்கள் சொல்லை வகுப்பில் ஒருமுறை கட்டளையாகச் சொல்லிப் பார்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

மூன்று தாளிலும் ‘வருடி’யை அடித்து ‘துழாவி’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவர் மட்டும் திரும்பி வந்து கேட்டார்: “தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் போடுவார்களா, ஐயா?”