உபதேசியார்: சொல்லும், அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கடமையும்

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் கத்தோலிக்கக் குடும்பங்களிடம் 'உபதேசியார்' என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பங்குச் சாமியார் குன்னூரிலோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருப்பார். தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு அவர் வந்து பூசை வைப்பது மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான். மற்ற ஞாயிறுகளில் கதவைத் திறந்து மணி அடிப்பதும், செபமாலையைத் தொடங்கிவைப்பதும், அன்றைய வாசகங்களை வாசிப்பதும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பதும் உபதேசியார் வேலை. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், மழையில் பெயர்ந்த பாதையில் சாமியாரின் ஜீப் ஏறி வருவதற்குள் இவர் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபத்தைத் தொடங்கியிருப்பார். வார நாட்களில் இதே மனிதரைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் பார்க்கலாம்.

இவரைப் போன்றவர்களைப் பற்றி அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. குருப்பட்டம் இல்லாமல் திருச்சபையில் பணிசெய்யும் உபதேசியார், பூசையில் வேதாகமம் வாசிக்கும் வாசகர், நற்கருணை அப்பம் வழங்குபவர் ஆகியோர் திருச்சபை போதிப்பது அனைத்தையும் முழுமையாக ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா? மனத்தில் ஓர் ஐயம் இருந்தால் பணியை விட்டுவிட வேண்டுமா? சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் பதிலின் பாதி கிடைக்கிறது. மீதி திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது.

'உபதேசம்' வடசொல். 'உப' என்றால் அருகில். 'தேசம்' இங்கே நாடு அல்ல. காட்டுதல் என்ற பொருளுடைய 'திச்' என்ற வேரிலிருந்து வந்தது. நம் 'திசை'யும் அதே வேர்தான். ஆக, பக்கத்தில் அமர்த்திச் சுட்டிக்காட்டுவது உபதேசம். சைவ மரபில் இது குரு சீடனின் காதில் மந்திரம் ஓதுவது. தந்தைக்கே மகன் பிரணவப் பொருள் உரைத்த சுவாமிமலைக் கதை தெரியாத தமிழர் குறைவு. ஏற்கனவே இத்தனை கனம் ஏறிய சொல்லைத்தான் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி தம் பெரிய நூலுக்கு 'ஞானோபதேசம்' என்றே பெயரிட்டார். பிறகு அது சிறு பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மனப்பாடம் செய்யும் பாடத்துக்கும் பெயராயிற்று. அந்த ஞானோபதேசத்தைச் சொல்லிக்கொடுப்பவர் உபதேசியார். சீர்திருத்தச் சபைகளிலும் இதே சொல் உண்டு. கேத்தி பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபையினருக்கும் அது புதிதல்ல.

ஆனால் பணி, சொல்லைவிட மூத்தது. 1542இல் இந்தியாவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களில் தமக்குப் பிறகு செபங்களைச் சொல்லிக்கொடுக்க ஆள் நிறுத்தினார். அவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் 'கணக்கப்பிள்ளை'. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே கணக்குப்பிள்ளை என்றால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆள் கணக்கு எடுப்பவர். கடற்கரைக் கணக்கப்பிள்ளையும் ஒருவகையில் ஆள் கணக்கு எடுப்பவர்தான்: யாருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, யார் செபம் சொல்ல வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இந்தப் பணியாளர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. 'வேதியர்' என்ற சொல் அதுவரை அந்தணரைக் குறித்தது. அதை எடுத்து மறை போதிக்கும் பொதுநிலைக் கிறிஸ்தவர்மேல், அதாவது குருப்பட்டம் பெறாதவர்மேல், போர்த்தியது துணிச்சலான வேலை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டாம் சொல். 'வேதியர் அறிவு' என்றோ 'வேதியர் பாடம்' என்றோ அவர் பெயர் வைக்கவில்லை, 'ஒழுக்கம்' என்றார். இவர்கள் எதை ஏற்கிறார்கள் என்ற கேள்வியோடு எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியும் அன்றே ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் மக்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். 'ஊருக்கு உபதேசம்' என்று தமிழில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு அல்லவே.

மலைக்கு இந்தப் பணி தாமதமாகத்தான் வந்தது. 1603இல் ஃபெனிச்சியோ என்ற இயேசு சபைக் குரு, நீலகிரிப் பழங்குடியினரான தோதவர்கள் பழைய கிறிஸ்தவர்களாக இருப்பார்களோ என்று தேடிக்கொண்டு மலபார்ப் பக்கத்திலிருந்து நீலகிரிக்கு ஏறினார். தேடியது கிடைக்காமல் இறங்கினார். ஊர்களும் தோட்டங்களும் தோன்றிய பிறகே இங்கே உபதேசியார்கள் தேவைப்பட்டார்கள். உதகைக்குத் தனி மறைமாவட்டம் 1955இல்தான் அமைந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களில் குடியேறியவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. சாமியார் இல்லாத ஞாயிறுகளை நடத்திப் பழகியவர்கள் அவர்கள்.

மேலை நாட்டுச் சொல்லையும் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'கத்தேகேயின்' என்றால் காதில் ஒலிக்கச் செய்து கற்பித்தல். 'எக்கோ' என்கிறோமே, அந்த எதிரொலியோடு உறவுள்ள சொல். அதிலிருந்து பிறந்ததுதான் 'கத்தெக்கிஸ்ட்'. 'சின்னக் குறிப்பிடம்' என்ற பழைய ஞானோபதேசச் சிறுநூலைக் கேள்வியும் பதிலுமாக ஒப்பித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உபதேசியார் கேட்பார், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். எதிரொலிப்பவர் தாம் கேட்டதைத்தான் திருப்பித் தர முடியும். இந்தப் பணியின் இலக்கணமே அதுதான். உபதேசியார் தமது கருத்தைச் சொல்ல நிற்கவில்லை, திருச்சபை கையில் கொடுத்ததைச் சொல்ல நிற்கிறார்.

அப்படியானால் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்றுதானே ஆகிறது? ஆம், ஆனால் 'அனைத்தும்' என்பது ஒரே எடையுள்ள மூட்டை அல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு மூன்று படிகளைக் காட்டுகிறது. கடவுள் வெளிப்படுத்தியதாகத் திருச்சபை அறிவிப்பவை முதல் படி: மூவொரு கடவுள், இயேசுவின் உயிர்ப்பு, நற்கருணையில் அவருடைய மெய்யான உடனிருப்பு போன்றவை. திருமுழுக்குப் பெற்றவர் இவற்றைப் பிடிவாதமாக மறுப்பதும் பிடிவாதமாக ஐயுறுவதும் தப்பறை, அதாவது விசுவாசத்துக்கு முரணான கொள்கை. அந்தப் பிடிவாதம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரவில் தூக்கம் வராமல் எழும் ஐயத்தைச் சட்டம் அப்படி அழைக்கவில்லை. வெளிப்பாட்டோடு பிணைந்தவையாகவும் இறுதியானவையாகவும் திருச்சபை அறிவிப்பவை இரண்டாம் படி. இதைச் சட்டத்தின் 750ஆம் எண்ணில் இரண்டாம் பத்தியாக 1998இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார். பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்ற போதனையை அப்போது வெளிவந்த வத்திக்கான் விளக்கவுரை இந்தப் படியில் வைத்தது. திருத்தந்தையும் ஆயர்களும் இறுதியாக வரையறுக்காமல் போதிப்பவை மூன்றாம் படி. இதற்கு 752ஆம் எண் கேட்பது விசுவாச ஏற்பு அல்ல. அறிவாலும் மனத்தாலும் சமய உணர்வோடு பணிதல். அதற்கு எதிரானவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

உறுதிமொழி எடுக்க வேண்டுமா என்பது வேறு. யாரெல்லாம் முறைப்படி விசுவாச அறிக்கை செய்ய வேண்டும் என்று 833ஆம் எண் பட்டியல் தருகிறது. ஆயர்கள், பங்குத்தந்தையர், குருமடங்களில் இறையியல் கற்பிப்போர், திருத்தொண்டர் பட்டம் பெறப்போவோர் என்று அது நீள்கிறது. தோட்டத்து உபதேசியாரோ ஞாயிறு வாசகரோ அந்தப் பட்டியலில் இல்லை. இதை வைத்து, 'எங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று முடிவுகட்டுபவர்கள் பாதிப் பக்கத்தைத்தான் படித்திருக்கிறார்கள். மறைபரப்பு இடங்களில் வேதியர் தக்க பயிற்சி பெற்றவராகவும் கிறிஸ்தவ வாழ்வில் சிறந்தவராகவும் இருக்க வேண்டும் என்கிறது 785ஆம் எண். வழிபாட்டில் உதவும் பொதுநிலையினருக்குத் தகுதியாக 2004இல் வெளியான வத்திக்கான் அறிவுறுத்தல் சொல்வது: அவர்களுடைய வாழ்வு, ஒழுக்கம், திருச்சபைப் போதனைக்கு அவர்கள் காட்டும் பற்றுறுதி. யாரை நியமித்தால் விசுவாசிகள் திகைத்துப்போவார்களோ அவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. சத்தியம் வாங்கிக்கொள்ளவில்லை, நம்பிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்கள் தோட்டங்களில் ஏராளம். அப்படி ஒருவர் ஞாயிறன்று வாசகம் வாசிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1968இல் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் கருத்தடையைத் தவறு என்றது, இத்தகைய அறுவையையும் சேர்த்தே. அந்தப் போதனை மாறவில்லை. ஆனால் அந்தப் பெண் செய்தது ஒரு செயல். போதனை பொய் என்று அவர் அறிவிக்கவில்லை. குறைந்த கூலியும் சுகாதாரப் பணியாளரின் வற்புறுத்தலும் சேர்ந்த ஒரு நாளில் எடுத்த முடிவு அது. பாவம் என்று அவர் கருதினால் அதற்குப் பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. விழுவது வேறு, மறுப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாத பங்குக் குழுக்கள் நல்ல வாசகர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

மறுபக்கம், மறைக்கல்வி வகுப்பில் நின்று, 'நற்கருணை வெறும் அடையாளம்தான், சாமியார் சொல்வதை விடுங்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்பவர் எவ்வளவு உழைப்பாளியாக இருந்தாலும் அந்தப் பணிக்கு ஆகாதவர். அவர் அப்படி நினைக்க உரிமை உண்டா என்ற விவாதமே இங்கே தேவையில்லை; அவர் யாருடைய குரலாக நிற்கிறாரோ அவருடைய சொல்லை மாற்றுகிறார். அவருக்கு உண்மையிலேயே ஐயம் இருந்தால் அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தம் கருத்தை ஆயர்களுக்கு எடுத்துச்சொல்ல விசுவாசிகளுக்கு உரிமையும் சில வேளைகளில் கடமையும் உண்டு என்கிறது 212ஆம் எண். குறிப்பிட்ட ஒரு போதனையை மனம் ஏற்கத் தடுமாறுவதையும் அதை எதிர்த்துப் பொதுவெளியில் இயக்கம் நடத்துவதையும் 1990இல் வந்த வத்திக்கான் ஆவணம் ஒன்று பிரித்துக் காட்டியது. அது இறையியலாளர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், பங்கு அலுவலகத்தில் அமர்ந்து 'எனக்கு இந்த இடம் புரியவில்லை, சாமி' என்று சொல்லும் உபதேசியாருக்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'முழுமையாக ஏற்கிறாரா' என்று சோதிக்கும்போது நம் ஊர்களில் கேள்விகள் பெரும்பாலும் படுக்கையறையைச் சுற்றியே வருகின்றன. சாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சாதிப் பாகுபாட்டுக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை, அது கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று இந்திய ஆயர்கள் 1982இல் அறிவித்தார்கள். அதுவும் திருச்சபைப் போதனைதான். மகனின் கல்யாணத்துக்குச் சாதி பார்த்தே பெண் தேடி, கல்லறையில் தனி வரிசை கேட்டு, ஞாயிறன்று திருத்தூதர் பவுலின் கடிதத்தைக் கணீரென்று வாசிப்பவரைக் கண்டு எந்தப் பங்குக் குழுவும் திகைத்ததாகத் தெரியவில்லை.

சரி, தமிழில் இவரை எப்படி அழைப்பது? 1990களில் தமிழ்த் திருச்சபை தன் சொற்களைப் பெரிதும் மாற்றிக்கொண்டது. பரிசுத்த ஆவி தூய ஆவியானார், சங்கீதம் திருப்பாடலாயிற்று, ஞானோபதேசம் மறைக்கல்வியாயிற்று. உபதேசியாரும் 'மறைக்கல்வி ஆசிரியர்' ஆனார். தூய தமிழ்தான், ஆனால் குறுகிவிட்டது. வகுப்பறையும் கரும்பலகையும் அதில் தெரிகின்றன; சாவு வீட்டு மெழுகுவர்த்தி தெரியவில்லை. ஞாயிறு வகுப்பு எடுப்பவரை மறைக்கல்வி ஆசிரியர் என்றே எழுதலாம். சிற்றாலயத்தைத் தாங்கிநிற்பவருக்கு 'வேதியர்' பொருந்தும். முழுத் தமிழ்ச்சொல் அல்ல என்ற குறை உண்டு, முந்நூறு ஆண்டு வழக்கு அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. 'மறைப்பணியாளர்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது என் தேர்வு. 'பணி' என்பதற்குத் தமிழில் வேலை என்றும் வணங்கு என்றும் பொருள் இருப்பதால், செய்யும் தொண்டும் போதனைக்குப் பணியும் மனமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பேச்சில் உபதேசியார் இருந்துவிட்டுப் போகட்டும். அதை யாரும் திருத்த வேண்டியதில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் என்னும் பணிநிலைகள் 1972இலேயே பொதுநிலையினருக்குத் திறக்கப்பட்டாலும், முறைப்படி அவற்றில் ஏற்படுத்தப்பட்டவர்கள் ஆண்கள் மட்டுமே. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தின் 230ஆம் எண்ணைத் திருத்தி அந்தத் தடையை நீக்கினார். அதே ஆண்டு மே மாதம் வேதியரையும் முறையான பணிநிலையாக ஏற்படுத்தி, ஆழ்ந்த நம்பிக்கையும் மனித முதிர்ச்சியும் உள்ள ஆண், பெண் இருபாலரையும் அதற்கு அழைத்தார். ஆகவே 'வேதியன்', 'உபதேசி' என்று ஒருமையில் ஆண்பாலாக எழுதும் பழைய பதிவேட்டு வழக்கம் இனி உதவாது. நீலகிரியில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர்களில் பெண்களே மிகுதி. பிள்ளைகள் அவர்களை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.