காந்தத்தை எடுத்து வையுங்கள், கம்பி நாரையும் சேர்த்து

அறுவை அரங்கின் புதுக் கத்தரிக்கோல் ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கருவியில், நாலைந்து முறை ஏறி இறங்கும். மூட்டில் செம்புள்ளி தெரியும். உடனே ஸ்டோரிலிருந்து ஒரு காந்தம் வரும், கத்தரிக்கோல் அதில் ஒட்டும், "டூப்ளிகேட் ஸ்டீல்" என்று எழுதித் திருப்பி அனுப்பியாகிவிடும். இந்தக் காந்தச் சோதனையை நிறுத்தினாலே பாதிப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும்.

'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று தனியாக ஓர் உலோகம் கிடையாது. எலும்பில் வைக்கும் தகட்டுக்கும் திருகுக்கும் 316எல் வகைத் துருப்பிடிக்காத ஸ்டீல். அதில் குரோமியம் சுமார் 17 சதவீதம், மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்கும், காந்தம் ஒட்டாது. ஆனால் அதைச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது. அதில் கத்தரிக்கோல் செய்தால் கூர் நிற்காது. வெட்டுகிற, இறுகப் பிடிக்கிற கருவிக்கு 420 போன்ற, சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய மார்டென்சிட்டிக் ரகம்தான் வேண்டும். குரோமியம் 12 முதல் 14, கார்பன் 0.15 சதவீதத்துக்கு மேல். அது காந்தத்தில் ஒட்டியே தீரும். ஜெர்மனியின் டுட்லிங்கனில் செய்தாலும் ஒட்டும், பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்தாலும் ஒட்டும். கருவி உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 7153-1 தரத்திலேயே இந்த ரகங்கள் இருக்கின்றன. சொல்லப்போனால், ஒட்டாத ஸ்டீல் கத்தரிக்கோலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

420-க்குத் துரு தாங்கும் சக்தி 316எல்லைவிடக் குறைவுதான். அதனால்தான் அதன் மேற்பரப்பு அவ்வளவு முக்கியம். காவல் நிற்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். வழவழப்பான பரப்பில் அது முழுதாகப் படியும். கீறலும் பள்ளமும் உள்ள இடத்தில் உப்பும் ரத்தமும் தங்கும், குழித்துரு அங்கேதான் தொடங்கும்.

முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் பாலிஷ் துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் விளக்கொளி பட்டுக் கண் கூசும். அதற்காகத்தான் கண்ணாடி மணிகளை வீசி மங்கலாக்கும் சாட்டின் ஃபினிஷ். அதன் பரப்பு சொரசொரப்பு என்பதால் கழுவுவதில் கவனம் கூடுதலாக வேண்டும். கண்ணாடி மணிக்குப் பதில் இரும்புக் குண்டு வீசும் பட்டறைகளும் உண்டு. இரும்புத் துகள் பதிந்து முதல் ஆட்டோகிளேவிலேயே செம்புள்ளி பூக்கும். மின்சாரம் பாய்ச்சிச் செய்யும் எலக்ட்ரோபாலிஷ் மேடுகளைக் கரைத்து, பதிந்த அழுக்கையும் எடுத்துவிடும். எந்த ஃபினிஷ் என்றாலும் கடைசியில் பாசிவேஷன், அதாவது அமிலத்தில் முக்கி அந்தக் காவல் படலத்தை உறுதியாக்கும் வேலை, நடந்திருக்க வேண்டும். 316எல்லுக்கு வைத்த நைட்ரிக் அமிலத் தொட்டியிலேயே 420-யையும் முக்கினால் பரப்பு அரித்துச் சாம்பல் நிறமாகிவிடலாம். இதை வாங்கும்போதே கேளுங்கள்.

நல்ல பரப்போடு வந்த கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், சரி. படலம் கிழியும், நாரின் இரும்பும் கருவியில் ஒட்டும். மென்மையான நைலான் பிரஷ் போதும். மின் பேனாவால் வார்டு பெயர் செதுக்குவதை விடுங்கள். அந்தக் கோட்டிலிருந்தே துருவும் விரிசலும் கிளம்பும். சாணை பிடிக்கத் தெருக்கடைக்கு அனுப்பினால், அரிவாள் தீட்டிய அதே சக்கரத்தில் உங்கள் கத்தரிக்கோலும் ஏறும். நீலம் பாய்ந்து திரும்பி வந்தால் வாங்காதீர்கள். அந்த நீலத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும், முனையின் கடினமும் போயிருக்கலாம். தீட்டிய பிறகு பாலிஷும் பாசிவேஷனும் செய்து தருபவரிடமே கொடுங்கள்.

அடுத்து, கருவிகளை எதில் ஊறவைப்பது என்பது. சலைன் என்கிற மருத்துவ உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. குளோரைடு மட்டும் 5,400 மில்லிகிராமுக்கு மேல். 120 மில்லிகிராமைத் தாண்டினாலே குழித்துருவுக்கு வாய்ப்பு கூடத் தொடங்கும். நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 குளோரைடை 250 வரை ஏற்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரைகூட விடுகிறது. ஆகவே "குடிக்கிற தண்ணீர்தானே சார்" என்ற பதில் இங்கே செல்லாது. கடைசி அலசல் உப்பு நீக்கிய தண்ணீரில்தான். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) கழிவுக்கும் தரைக்கும் உரியது, கருவிக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

அறுவை முடிந்ததும் ரத்தம் காயவிடாதீர்கள். சலைனால் துடைக்காமல் ஸ்டெரைல் வாட்டரால் துடையுங்கள். மூட்டைத் திறந்து கழுவுங்கள், திறந்தபடியே ஆட்டோகிளேவில் வையுங்கள், ஈரத்தோடு பேக் செய்யாதீர்கள். புதுக் கருவியின் படலம் இன்னும் மெல்லியது. அதைக் கழுவி உலர்த்தாமல் நேராக ஆட்டோகிளேவில் ஏற்ற வேண்டாம். துருப்பிடித்த ஒன்றை மற்றவற்றோடு போட்டால் மற்றவற்றிலும் துரு படியும். குரோம் பூச்சு உரிந்த பழைய கருவிகளையும் தயவுசெய்து கழித்துவிடுங்கள்.

புகார் எழுதும் முன் பென்சில் அழிப்பான் எடுத்துப் புள்ளியைத் தேயுங்கள். அழிந்து, அடியில் பரப்பு வழவழவென்று இருந்தால் அது கறை. தண்ணீரையோ டிடர்ஜெண்டையோ பாருங்கள். அடியில் குழி தெரிந்தால் அது துரு. தனியே எடுத்து வையுங்கள். துரு நீக்கும் அமிலத்தில் முக்கும் ஆசை வந்தால் முதலில் கைப்பிடியைப் பாருங்கள். தங்க நிற வளையம் இருந்தால் கருவியின் வாய்ப்பகுதியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான தகடு இருக்கிறது. அமிலம் அதைப் பதம் பார்த்துவிடும்.