காம்ப்ளிமெண்ட் வேறு, காம்ப்ளிமெண்ட் வேறு

தலைப்பில் பிழை இல்லை. ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் எழுதும்போது தடுமாறுவார்கள். வித்தியாசம் நடுவில் வரும் ஒரே ஓர் எழுத்தில்தான்: ஒன்றில் ஆங்கில எழுத்து ஈ (complement), இன்னொன்றில் ஐ (compliment).

ஈ வருகிற சொல்லுக்குத் தமிழில் 'நிரப்பு' அல்லது 'நிரப்பி'. கணக்குப் பாடத்தில் படித்த நிரப்புக் கோணங்கள் ஞாபகம் இருக்கிறதா? 35 பாகைக்கு 55 பாகை. இரண்டும் சேர்ந்ததும் செங்கோணம் நிறைந்துவிடுகிறது. கண இயலில் வரும் நிரப்புக் கணமும் இதே சொல்தான். ஒரு கப்பலில் இருக்க வேண்டிய முழு ஆள்பலத்தையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். கம்ப்ளீட் என்ற சொல்லை எழுதிப் பாருங்கள், 'எல்'லுக்கு அடுத்து ஈ வரும், இதிலும் அதே இடத்தில் அதே ஈ.

ஐ வருகிற சொல் பாராட்டு. நல்லதாக நாலு வார்த்தை சொல்வது.

இதில் சுவாரசியம் என்னவென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'கொம்ப்ளேரே' என்றால் நிரப்புதல். முதல் சொல் அங்கிருந்து பொருள் மாறாமல் வந்தது. அடுத்தது ஸ்பானியப் பக்கம் போய், நிறைவேற்றுதல் என்ற பொருளிலிருந்து 'செய்ய வேண்டிய மரியாதையைச் செய்து முடிப்பது' என்று திரும்பி, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஐ எழுத்தோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. அதுவரை மரியாதைப் பேச்சுக்கும் ஈ போட்டே எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆகவே குழப்பம் நம்மோடு தொடங்கியதல்ல.

"இந்தத் தோடு உன் உடையை காம்ப்ளிமெண்ட் செய்கிறது" என்று எழுத நினைத்தால் ஈ போட வேண்டும். ஐ போட்டுவிட்டால் தோடு வாயைத் திறந்து உடையைப் புகழ ஆரம்பித்துவிடும்! தமிழில் இந்த வம்பே இல்லை, 'இந்தத் தோடு உன் உடைக்கு எடுப்பாக இருக்கிறது' என்றால் முடிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் 'நிரப்புகிறது' என்று போடுவது அகராதியைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். அந்தச் சொல் கணக்குக்கும் அறிவியலுக்கும்தான் பொருந்தும்.

பாராட்டு என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நட்பு பாராட்டுவது, பகை பாராட்டுவது என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே புகழ்ச்சி ஏது? ஒன்றை மனதில் கொண்டு வெளியே காட்டுவது என்பதே அங்கே பொருள். அப்புறம், முகஸ்துதியை இதற்கு ஈடாகப் போடவே கூடாது, அதில் உள்நோக்கம் இருக்கிறது.

'காம்ப்ளிமெண்டரி' என்று வரும்போதுதான் பலர் விழுவது. ஓட்டலில் காசு வாங்காமல் தருவதற்கு ஐ, மரியாதை நிமித்தம் தருவது என்ற கணக்கு. இதற்குத் தமிழில் இலவசம் என்றால் போதும், ஆனால் நூலாசிரியருக்கோ விமர்சகருக்கோ பதிப்பகம் தரும் புத்தகத்தை இலவசப் பிரதி என்று சொல்ல மனம் வராது. 'அன்பளிப்புப் பிரதி' என்ற அழகான வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. முதன்மைச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும் நிரப்பு மருத்துவத்துக்கு ஈ. அங்கே ஐ போட்டு விளம்பரம் செய்தால், வருகிறவர்கள் பணம் கொண்டுவர மாட்டார்கள்.