ஆபரேஷன் முடிந்தது, கண்ணாடி எங்கே? இலவசக் கண்புரை சிகிச்சையில் நம்மவர்கள் ஏமாறும் இடங்கள்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பாட்டி ஒருவர், வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சொட்டு மருந்து பாட்டிலை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு கூட இல்லை. "இது தீந்து ரெண்டு மாசம் ஆச்சு கண்ணு. இன்னும் ஒண்ணும் தெளிவாத் தெரியல. ஆபரேஷன் கெட்டுப்போச்சு போல" என்றார்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பவர் பார்த்து யாராவது கண்ணாடி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. போய்க் கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்த அன்று, சாயங்காலம் வந்து நின்ற டவுன் பஸ்ஸின் நம்பரைத் தானே சத்தமாகப் படித்தார். மூன்று மாதத்துக்கு முன்பே படித்திருக்கலாம்.

இதைப்போல ஏழெட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் அரசுப் பதிவேட்டில் "அறுவை முடிந்தவர்கள்". அந்தப் பதிவேடு எத்தனை கண்ணைத் திறந்தோம் என்று எண்ணுகிறது. அந்தக் கண்ணால் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு அதில் தனிக் கட்டம் இருந்தாலும், அதை யார் நிரப்புகிறார்கள் என்பது வேறு கதை.

திட்டத்தைப் பற்றி நாலு வரி போதும். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு சங்கம் உண்டு. அரசு மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷனும் உள்ளே வைக்கும் லென்ஸும் இலவசம். முகாம் நடத்தி ஆள் கூட்டிப் போகும் தொண்டு மருத்துவமனைகளுக்கு, ஒரு கண்ணுக்கு 2,000 ரூபாய் வரை அரசு மானியம் தருகிறது. மருந்து, லென்ஸ், கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடும் வண்டிச் செலவு, ஆபரேஷனுக்குப் பிறகு போடும் கண்ணாடி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மானியம். ஆகவே முகாம்காரர் கண்ணாடி கொடுத்தால் அதை ஏதோ தானம் வாங்குவதுபோல் தலையைச் சொறிந்துகொண்டு வாங்க வேண்டாம். கொடுக்காவிட்டால் கேட்கலாம்.

இனி, எங்கெங்கே திருப்பி அனுப்புவார்கள் என்று பார்ப்போம்.

முதல் சொல்: "இன்னும் முத்தலைம்மா, ஆறு மாசம் கழிச்சு வாங்க." அந்தக் காலத்துப் பேச்சு இது. உள்ளே லென்ஸ் வைக்காமல், புரையை மட்டும் எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிய காலத்தில் முத்தும்வரை காத்திருந்ததில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது அன்றாட வேலைக்குப் பார்வை தடையாக இருந்தாலே எடுக்கலாம். முற்றவிட்டால் புரை கல்லாக இறுகி ஆபரேஷன் கஷ்டமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுப்போகும். அப்படிப் போன பார்வை திரும்பாது. "அரிசியில கல்லு தெரியல, படி தெரியாம ரெண்டு தடவ விழுந்துட்டேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் கிழவிகள் டாக்டரைப் பார்த்ததும் "பரவால்ல சாமி, ஓரளவு தெரியுது" என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் அழுவார்கள்.

இரண்டாவது, சர்க்கரை. முகாமில் அதிகம் பேர் திரும்புவது இதனால்தான். காலை ஆறு மணிக்கே வந்து, வரிசையில் நின்று, கண்ணில் மருந்து ஊற்றி, பஸ் ஏறப்போகும் நேரத்தில் சர்க்கரையோ பிரஷரோ கூடுதல் என்று பெயரை அடித்துவிடுவார்கள். மருத்துவமாகப் பார்த்தால் அவர்கள் செய்வது சரி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கண்ணைத் திறந்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். தவறு எங்கே என்றால், திருப்பி அனுப்பும்போது எங்கே போய், எப்போது வரவேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டு கூடத் தருவதில்லை. "குறைச்சுட்டு வாங்க" என்று சொல்வதோடு சரி. முகாம் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும். ஆபரேஷனுக்கு முதல் நாள் மாத்திரையைக் கூட்டிப் போட்டுச் சர்க்கரையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். மயங்கி விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, "துணைக்கு ஆள் இருக்கா?" மகன் திருப்பூரில், மகள் பெங்களூரில், தனியாக இருக்கும் மனுஷி துணைக்கு எங்கே போவாள்? அரசு மருத்துவமனையில் இதைக் கேட்டு இழுத்தடிப்பது சகஜம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் செல்போன் நம்பரும் கொடுத்தால் பல இடத்தில் வேலை நடந்துவிடும். அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். போன் போகும்போது "எனக்குத் தெரியாதுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. துணையே இல்லாதவர்களுக்கு, கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும் முகாம்தான் மேல்.

நான்காவது, அட்டை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவச ஆபரேஷனுக்கு அந்த அட்டை நிபந்தனை கிடையாது. அட்டைக்காக வருமானச் சான்று, அதற்காக வி.ஏ.ஓ., அவர் இல்லாத நாளில் திரும்பி வந்து, ரேஷன் கார்டில் பெயர் ஒரு மாதிரி ஆதாரில் ஒரு மாதிரி என்று அதற்கொரு அலைச்சல். இப்படி ஆறு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. அந்த ஆறு மாதமும் புரை சும்மா இருக்காது. ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு நேரே ஓ.பி. சீட்டு போடுங்கள்.

தனியார் மருத்துவமனையில் காப்பீட்டில் செய்துகொள்வதாக இருந்தால் விஷயம் வேறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் அந்த அட்டை. "இந்த ஆஸ்பத்திரியில, இந்த ஆபரேஷனுக்கு, என் அட்டை செல்லுமா?" என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அட்டை செல்லும் என்று வாசலில் சொன்னவர், பச்சைத் துணி போர்த்திப் படுக்க வைத்த பிறகு வந்து வேறு பேசுவார்.

பேசுவது பெரும்பாலும் லென்ஸைப் பற்றி. "ஃப்ரீயா குடுக்குறது சாதா லென்ஸ். மடிக்கிற லென்ஸ் போட்டா பார்வை பளிச்சுன்னு இருக்கும், கொஞ்சம் பணம் கட்டணும்." கண்ணில் மருந்து ஊற்றி, எதிரில் இருப்பவர் முகமே தெரியாத நேரத்தில் இதைக் கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? மடிக்கும் லென்ஸை இன்னும் சின்னத் துளை வழியாக உள்ளே வைக்கலாம், புண் சீக்கிரம் ஆறும். அது உண்மை. ஆனால் இரண்டுமே பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைப்பவை. எதை வைத்தாலும் படிக்க, ஊசியில் நூல் கோக்கக் கிட்டத்துக் கண்ணாடி தேவைப்படும். இலவச லென்ஸ் ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை. வட்டிக்கு வாங்கி லென்ஸ் போட வேண்டிய அவசியமே இல்லை.

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "கண்ணோட பின் நரம்பு எப்படி இருக்கு? எவ்வளவு பார்வை வரும்?" சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலோ, கண் அழுத்த நோய் இருந்தாலோ, புரையை எடுத்தாலும் முழுப் பார்வை வராது. இதை முன்கூட்டியே சொல்வது அவர்கள் கடமை. பின்னால் போய்க் கேட்டால் "உங்களுக்கு நரம்பு வீக்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டு இல்லாமல் பஸ் ஏறாதீர்கள். எந்தக் கண், எந்தத் தேதி, லென்ஸின் பவர் எவ்வளவு, மறுபரிசோதனை எப்போது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். லென்ஸ் டப்பாவிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். உடனே செல்போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். பாட்டியின் சீட்டை மழைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் "எங்க பண்ணுனீங்க, சீட்டு எங்க?" என்று கேட்டே எங்களை ஒரு நாள் முழுக்க நிறுத்தினார்கள்.

இப்போது சொல்வதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். கட்டுப் பிரித்த முதல் சில நாள்களில் லேசான உறுத்தல், நீர் வடிதல், கூச்சம் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் வலி ஏறிக்கொண்டே போனால், கண் ரத்தச் சிவப்பானால், நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால், சீழ் வந்தால், அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். மணிக்கணக்கில் கண் போய்விடும். மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். ஆபரேஷன் செய்த இடம் தூரமென்றால் பக்கத்தில் கண் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே ராத்திரியானாலும் போங்கள். தாய்ப்பால் விடுகிறேன், விளக்கெண்ணெய் விடுகிறேன் என்று வருபவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு இலவச முகாம் மூலம் ஆபரேஷன் செய்துகொண்ட 66 பேருக்குக் கிருமித் தொற்றில் பார்வை போனது. முகாம் என்பது பரிசோதித்து ஆள் பொறுக்க மட்டும்தான். கத்தி வைப்பது முறையான ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே முடித்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொட்டு மருந்தைப் பொதுவாக ஒரு மாதத்திலிருந்து ஆறு வாரம் வரை, வாராவாரம் குறைத்துக்கொண்டே போடச் சொல்வார்கள். பாதியில் நிறுத்துவதும் தப்பு, முடிந்த பிறகு பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கல் கடையில் இன்னொன்று வாங்குவதும் தப்பு. அதில் ஸ்டீராய்டு இருக்கும். நாள்கணக்குத் தாண்டிப் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும்.

அடுத்து, கண்ணாடி. புண் ஆறிக் கண்ணின் பவர் ஒரு நிலைக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதன் பிறகுதான் பவர் பார்த்துக் கண்ணாடி எழுத வேண்டும். ஆபரேஷன் அன்று கொடுக்கும் கருப்புக் கண்ணாடி வெயிலுக்கும் தூசிக்கும். அதையே "கண்ணாடி குடுத்தாச்சு" என்று எழுதிக்கொண்ட இடத்தையும் பார்த்தேன்.

அலைக்கழிப்பு இங்கேதான் உச்சம். முகாம் நடத்தியவர் "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்பார். பெரியாஸ்பத்திரியில் "பண்ணுன எடத்துலயே பாருங்க" என்பார்கள். பண்ணின இடத்தில் "முகாம் அன்னைக்கு வாங்க" என்பார்கள். அந்த முகாம் இந்த ஊரில் இனி அடுத்த வருஷம். இந்த வட்டத்துக்குள் சுற்றாதீர்கள். தொண்டு மருத்துவமனை அரசு மானியத்தில் செய்திருந்தால், மறுபரிசோதனையும் கண்ணாடியும் அவர்கள் பொறுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கண் மருத்துவ உதவியாளர் வரும் நாளைக் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்ப் பவர் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி "ஸ்டாக் இல்ல" என்றால் அதையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல இடத்தில் ஸ்டாக் வந்துவிடுகிறது!

வராவிட்டால் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்கு ஒரு மனு. பெயர், ஆபரேஷன் தேதி, எந்தக் கண், என்ன கிடைக்கவில்லை, அவ்வளவு போதும். கதை வேண்டாம். அதன் நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்தும் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி: "இந்த முகாமில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது, எத்தனை பேருக்குக் கண்ணாடி வழங்கப்பட்டது?" 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கேஸில் பதிலுக்கு முன்னால் கண்ணாடி வந்தது.

சில மாதமோ சில வருஷமோ கழித்து, நன்றாகத் தெரிந்த கண் மறுபடி பனி படர்ந்ததுபோல் ஆனால், "புரை திரும்பி வளர்ந்துடுச்சு, மறுபடி ஆபரேஷன்" என்று யாராவது பணம் கேட்கலாம். எடுத்த புரை திரும்ப வளராது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு மங்கியிருக்கும். அதை லேசரில் சில நிமிஷத்தில் சரி செய்வார்கள். கத்தி கிடையாது, கட்டு கிடையாது, படுக்கை கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவில் கேளுங்கள்.

இன்னொரு கண்ணுக்கும் இதே உரிமை தனியாக உண்டு. "உங்களுக்குத்தான் ஒரு தடவை ஃப்ரீயா பண்ணியாச்சே" என்ற பேச்சை நம்பித் திரும்பி வராதீர்கள். பாட்டிக்கு இடது கண் பாக்கி. போன வாரம் கூட்டிப் போனபோது சர்க்கரை கூடுதல் என்று அனுப்பினார்கள். இந்தத் தடவை, எந்தத் தேதிக்கு வரவேண்டும் என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். கையெழுத்துப் போட்ட நர்ஸம்மா பாட்டியைப் பார்த்து, "வெவரமாத்தான் இருக்கீங்க" என்றார். பாட்டி அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.