ஆந்திராவும் பீகாரும் எப்படி ஒரே கொத்தில் சேர்ந்தன?

நம் நாட்டில் செல்போன் சேவைக்கு இன்று 22 வட்டங்கள், அதாவது உரிமம் கொடுப்பதற்காகப் பிரித்த பகுதிகள், இருக்கின்றன. 1990களில் தனியாருக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தபோது, எந்த வட்டத்தில் எவ்வளவு வருமானம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, பெருநகரம், ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். ஆந்திரா, குஜராத், கர்நாடகா, மகாராஷ்டிரா, தமிழ்நாடு இவையெல்லாம் ஏ. கேரளாவும் மேற்கு வங்கமும் பி. பீகார், இமாச்சலப் பிரதேசம், ஒடிசா, அசாம் எல்லாம் சி. வியாபாரிக்குத் தேவையான பிரிவு அது, அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே இருக்கிற மனிதர்கள் கையில் போன் இருக்கிறதா, இணையம் பார்க்கிறார்களா என்று கேட்டால் இந்த ஏ, பி, சி எவ்வளவு தூரம் நிற்கும்? தரத்தையெல்லாம் மறந்துவிட்டு எண்களை மட்டும் கையில் கொடுத்து, "ஒன்றுபோல் இருப்பவற்றை நீயே சேர்த்துக்கொள்" என்று சொன்னால் என்ன வரும்? இப்படிச் சேர்க்கிற வேலைக்குத்தான் கொத்துப் பகுப்பாய்வு, அதாவது கிளஸ்டர் அனாலிசிஸ், என்று பெயர். பார்க்கப் பெரிய விஷயமாகத் தெரியும். உள்ளே இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்த பைத்தாகரஸ் தேற்றமும் சராசரியும்தான், ஒரு கால்குலேட்டர் இருந்தால் உட்கார்ந்து கையாலேயே போட்டுவிடலாம்.

போட்டுப் பார்ப்போம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: நீங்களே பயன்படுத்துகிற செல்போன் உங்களிடம் இருக்கிறதா, எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா. ஒன்பது மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் எண் போன் உள்ளவர்கள், இரண்டாவது இணையம் பயன்படுத்தியவர்கள், இரண்டுமே சதவீதம்.

கோவா: 91.2, 73.7
சிக்கிம்: 88.6, 76.7
கேரளா: 86.6, 61.1
இமாச்சல்: 79.5, 49.7
தமிழ்நாடு: 74.6, 46.9
பீகார்: 51.4, 20.6
மேற்கு வங்கம்: 50.1, 25.5
ஆந்திரா: 48.9, 21.0
குஜராத்: 48.8, 30.8

இதை வரைபடத் தாளில் புள்ளியாக வைத்தால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் இனி எல்லாமே. போன் எண்களின் வித்தியாசத்தை வர்க்கம் செய்து, இணைய எண்களின் வித்தியாசத்தையும் வர்க்கம் செய்து, கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம் வந்துவிடும். இந்த ஒன்பதில் மிகப் பக்கத்தில் இருக்கும் ஜோடி எது தெரியுமா? பீகாரும் ஆந்திராவும். போனில் 2.5, இணையத்தில் 0.4 வித்தியாசம், தூரம் வெறும் 2.5. ஏ வட்டமும் சி வட்டமும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. (ஆய்வில் வருவது தெலங்கானா பிரிந்த பிறகான ஆந்திரா, செல்போன் வட்டத்தில் இரண்டும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் "அப்போ ஹைதராபாத்?" என்று கேட்பவர்களுக்கு: அது இந்த எண்ணில் இல்லை.) சி வட்டமான இமாச்சலோ ஏ வட்டமான தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில், 5.6 தூரத்தில், கொஞ்சம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி, தூரம் வந்தாச்சு, கொத்து எப்படி வரும்? இரண்டு பெரிய வழிகள். ஒன்று, மிகப் பக்கத்தில் உள்ள ஜோடியை முதலில் ஒட்டுவது, பிறகு அடுத்த நெருக்கமான ஜோடி, அப்புறம் ஒட்டிய கொத்தோடு அடுத்தது என்று எல்லாம் ஒரே கொத்தாகும் வரை ஏறிக்கொண்டே போவது. முதலில் பீகார்–ஆந்திரா, அடுத்து கோவா–சிக்கிம் என்று போகும். கிளை விட்ட மரம் மாதிரி ஒரு படம் கிடைக்கும், எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அத்தனை கொத்து.

இன்னொன்று கே-மீன்ஸ். அதிகம் புழங்குவது இதுதான், இதன் பிறப்பே தொலைபேசி வீட்டில் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1957இல் அமெரிக்காவின் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடமான பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் என்பவர், தொடர்ந்து ஏறி இறங்குகிற குரல் அலையைச் சில குறிப்பிட்ட அளவுகளாக மட்டும் மாற்றி அனுப்பினால் பிழை எப்படிக் குறையும் என்று யோசித்து இதை எழுதினார். அது அச்சில் வெளிவந்தது 1982இல்தான். அதற்குள் 1967இல் ஜேம்ஸ் மெக்குவீன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. குரலை வகைப்படுத்தப் பிறந்த முறையை வைத்து, அந்தக் குரல் எந்த ஊரில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று இப்போது வகைப்படுத்துகிறோம்.

செய்முறை எளிது. எத்தனை கொத்து வேண்டும் என்று நாம் முதலில் சொல்ல வேண்டும். அத்தனை புள்ளிகளை மையமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பக்கத்திலுள்ள மையத்தில் சேரும். சேர்ந்ததும் அந்தக் கூட்டத்தின் சராசரிதான் புது மையம். மையம் நகர்ந்ததால் யாராவது கட்சி மாறுகிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரும் மாறாத வரை வந்தால் முடிந்தது.

இரண்டு கொத்து கேட்டு, கோவாவையும் பீகாரையும் மையமாக வைத்துத் தொடங்கினேன். தமிழ்நாட்டுக்குக் கோவா 31.5, பீகார் 35.1. அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை, ஏதோ ஒரு பக்கம் சாய்கிறது. ஆனால் சராசரி எடுத்ததும் மேல் கொத்தின் மையம் (84.1, 61.6) என்று இறங்கி வருகிறது, கீழ் கொத்தின் மையம் (49.8, 24.5). இப்போது தமிழ்நாட்டுக்கு மேல் மையம் 17.5, கீழ் மையம் 33.4. சந்தேகமே இல்லாமல் மேலே. ஐந்து மேலே, நான்கு கீழே, இரண்டாவது சுற்றிலேயே கதை முடிந்துவிட்டது.

மூன்று கொத்து கேட்டால்தான் வேடிக்கை. கோவா, தமிழ்நாடு, பீகார் மூன்றையும் தொடக்க மையமாக வைத்தால் கேரளா கோவாவோடும் சிக்கிமோடும் சேருகிறது. தமிழ்நாடும் இமாச்சலும் நடுக்கொத்து. மையம் நகர்ந்தாலும் கேரளா நகரவில்லை, மேல் மையம் 9.7, நடு மையம் 16. நல்லது. அதே எண்கள், தொடக்கம் மட்டும் சிக்கிம், கேரளா, பீகார் என்று வைத்துப் பாருங்கள். தமிழ்நாடும் இமாச்சலும் கேரளாவைச் சுற்றிக் கூடிவிடுகின்றன, கோவாவும் சிக்கிமும் தனியாகப் போய்விடுகின்றன. சராசரி எடுத்த பிறகும் கேரளாவுக்கு நடு மையம் 10.7, மேல் மையம் 14.5, அதனால் அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டு விடையும் நிலையானவை, கணினியைக் கேட்டால் இரண்டுக்குமே "முடிந்தது" என்றுதான் சொல்லும்.

அப்போ எது சரி? ஒவ்வொரு மாநிலமும் தன் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வர்க்கம் செய்து கூட்டினால், மேலுள்ள ஐந்து மாநிலங்களுக்கு முதல் விடையில் சுமார் 164, இரண்டாவதில் 194. கீழ்க் கொத்து இரண்டிலும் ஒன்றுதான். குறைவாக இருப்பதால் முதல் விடை தேவலை. மென்பொருள்கள் ஒரே கணக்கைப் பல தொடக்கங்களில் திரும்பத் திரும்ப ஓட்டி, மிகக் குறைந்த கூட்டுத்தொகை உள்ளதை எடுப்பது இதற்காகத்தான். எத்தனை தொடக்கம் என்பதை ஒன்று என்று வைத்து ஓட்டிவிட்டு வண்ண வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வரைபடம் அழகாகத்தான் இருக்கும்.

எத்தனை கொத்து என்பதற்கும் வழிகள் உண்டு. கொத்தைக் கூட்டக் கூட்ட அந்தக் கூட்டுத்தொகை எங்கே சட்டென்று இறங்குவதை நிறுத்துகிறது என்று பார்ப்பார்கள். 1987இல் பீட்டர் ரூசோ கொடுத்த சில்லவெட் அளவையும் போடுவார்கள், ஒரு புள்ளி பக்கத்துக் கொத்தைவிடத் தன் கொத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அது சொல்லும். இரண்டும் உதவும். ஆனால் கடைசி முடிவு, இதை எதற்காகச் செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இதுவரை இரண்டு எண்ணும் சதவீதம், பரவலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தொல்லை வரவில்லை. மூன்றாவதாகத் தொலைபேசி அடர்த்தியை, அதாவது 100 பேருக்கு எத்தனை இணைப்பு என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட 2024 கணக்குகளில் பீகார் வட்டம் 60க்குக் கீழே, டெல்லி 250க்கு மேலே. டெல்லிக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டரை சிம் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நொய்டா, காஜியாபாத், குருகிராம், ஃபரிதாபாத் இணைப்புகளும் டெல்லி வட்டத்தில் வந்து விழுகின்றன, வகுக்கிற மக்கள்தொகையோ டெல்லியுடையது மட்டும். போதாக்குறைக்குப் பீகார் வட்டத்தில் ஜார்க்கண்டும் சேர்ந்திருக்கிறது. மாநிலவாரி ஆய்வையும் வட்டவாரிக் கணக்கையும் ஒரே அட்டவணையில் ஒட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் பிரித்துச் சரிசெய்ய வேண்டும், உண்மையில் இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்கே போய்விடும்.

அப்படியே போட்டால் 200 புள்ளி அகலமுள்ள அந்த ஒரு எண் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். இதைச் செய்தாலும் டெல்லி தனியாக ஒரு கொத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்க்கும், மூன்று கொத்து கேட்டிருந்தால் மிச்ச நாடு முழுவதும் இரண்டில் அடைய வேண்டியதுதான். அந்த மாதிரி ஒற்றைப் புள்ளியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தனியாகப் பேசுவது நல்லது.

இன்னொரு சிக்கல், போன் வைத்திருப்பதும் இணையம் பார்ப்பதும் ஒன்றாக ஏறி இறங்குகிற விஷயங்கள். ஏறக்குறைய ஒரே செய்தியை இரண்டு தடவை எண்ணுகிறோம். இப்படிச் சேர்ந்து நகர்கிற அளவுகளுக்கு இடையே தூரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 1936லேயே கொல்கத்தாவில் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் ஒரு சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரில்தான் அந்தத் தூரம் வழங்குகிறது.

யாரை அளக்கிறோம் என்பதும் கொத்தை மாற்றும். ஆந்திராவில் இணையம் பயன்படுத்திய பெண்கள் 21.0 சதவீதம், அதே ஆய்வில் ஆண்கள் 48.8. வீட்டுக்கு ஒரு போன் என்று எண்ணினால் இந்த இடைவெளி கண்ணிலேயே படாது. நான் பெண்களின் எண்ணை எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

கீழ்க் கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு மாநிலத்திலும் போன் ஏறக்குறைய 50, ஆனால் இணையம் பீகாரில் 20.6, குஜராத்தில் 30.8. போன் ஒரே அளவு இருக்கும்போது இணையத்தில் ஏன் 10 புள்ளி வித்தியாசம் என்ற கேள்வி தனித்தனி அட்டவணையில் எழாது, ஒரே கொத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எழும். என்னைக் கேட்டால் கொத்துகளின் பயன் இதுதான், முதலிடம் கடைசியிடம் என்று மாலை போடுவதில் இல்லை.

தமிழ்நாட்டு எண்ணில் ஒரு விஷயம் பாக்கி. மேலே உள்ள மற்ற எட்டு மாநிலங்களும் ஆய்வின் முதல் கட்டத்தில், கொரோனா வருவதற்கு முன்பே முடிந்தவை. தமிழ்நாடு இரண்டாம் கட்டம். கொஞ்சம் 2020 தொடக்கத்திலும் மீதி ஊரடங்குக்குப் பிறகும் எடுத்தார்கள், ஆன்லைன் வகுப்பு வீட்டுக்குள் வந்த பிறகு. ஒப்பிட்டது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். சரி, தமிழ்நாட்டை எடுத்துவிட்டு எட்டை மட்டும் வைத்து மூன்று கொத்து போட்டேன். கேரளாவைக் கோவா, சிக்கிமோடு வைத்தால் விலகல் கூட்டுத்தொகை 148, இமாச்சலோடு வைத்தால் 98. ஆக கேரளா மேல் கொத்தை விட்டு நடுக்கொத்துக்கு இறங்கிவிட்டது, அதன் 86.6, 61.1 இரண்டிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை.